அரை இஞ்சு மாஸ்டரின் சைக்கிள்

மாஸ்டர் குனிந்து, கடையில் நிற்கும் ஒரு சைக்கிளின் மேல்கம்பி மீது டேப்பை நீட்டி, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்து, வாய்க்குள் ஓர் எண்ணை முனகுகிறார். பிறகு அதே கம்பியை மறுமுனையிலிருந்து அளக்கிறார். கம்பி அதற்குள் வளர்ந்துவிடப் போவதில்லை, அளவும் மாறவில்லை. அப்படியும் மூன்றாவது தடவை அளந்த பிறகுதான் கக்கத்தில் இடுக்கியிருந்த கெட்டி அட்டை நோட்டை எடுத்து எழுதிக்கொள்கிறார்.

செயின் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரம்மா திரும்பிப் பார்த்து, "மாஸ்டர், போன சனிக்கிழமையும் இதே வண்டியத்தான் அளந்தீங்க" என்கிறார்.

"போன வாரம் குளிரும்மா. இரும்பு கொஞ்சம் சுருங்கியிருக்கும்."

அவர் சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். வயது ஐம்பத்தொன்று. காவலாளி, ஓட்டுநர், ஆஸ்பத்திரிப் பணியாளர் என்று ஊரில் ஒரே மாதிரி உடுப்புப் போட்டு நிற்கிறவர்களில் பாதிப் பேர் அவர் கத்தி பட்ட துணிக்குள்தான் நிற்கிறார்கள். எண்பது அடுக்குத் துணியை மேசை நீளத்துக்கு விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடிழுத்து, இடது கையில் இரும்புக் கண்ணிக் கையுறையும் வலது கையில் மின்கத்தியுமாக அவர் வெட்ட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடக்கூடாது. கோடு பிசகினால் ஒன்றல்ல, எண்பது சட்டை பிசகும். இருபத்தெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட அப்படி ஆனதில்லை. இதை அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது.

கம்பெனியில் அவருக்கு 'அரை இஞ்சு' என்று பெயர். எந்த அளவு எடுத்தாலும், "அரை இஞ்சு விட்டு வை" என்பார். ஏன் என்று கேட்டால் விளக்கமும் தயாராக இருக்கும். "தொவைச்சா துணி சுருங்கும். தின்னா ஆளு விரிவான். நடுவுல அரை இஞ்சு இருந்தாத்தான் ரெண்டும் சண்டை போடாம இருக்கும்." இந்தப் பழக்கம் வெட்டுமேசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டில் டீயைக்கூடக் கோப்பை விளிம்புக்கு அரை இஞ்சு கீழேதான் ஊற்றுவார். நாற்காலி சுவரைத் தொடாது. ஜன்னல் திரை தரையைத் தொடாது. வாக்குக் கொடுப்பதிலும் அதே கதை. "வருவேன்" என்று அவர் வாயிலிருந்து முழுசாக வந்து யாரும் கேட்டதில்லை. "அனேகமா வருவேன்." கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டதற்கும் "அனேகமா" என்றுதான் பதில் வந்தது என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

ஒரு தடவை காவலாளி ஒருவர், கால்சட்டை குட்டையாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார். மாஸ்டர் நோட்டைப் புரட்டினார், ஆளை நிறுத்தி அளந்தார், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "அளவுல பொய் கிடையாதுய்யா. நீங்கதான் வளந்துட்டீங்க." காவலாளிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவர் தன் கால்களையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு போனாராம்.

சைக்கிள் ஆசை மாஸ்டருக்கு விளையாட்டாக வந்ததல்ல. மூன்று மாதத்துக்கு முன் கம்பெனியை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். வீட்டிலிருந்து இருபத்து நான்கு கிலோமீட்டர். நாலரைக்கு வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி, வீடு வந்து சேர ஆறு இருபது ஆகிவிடும். அவர் மனைவியோ ஆறு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் வரவேற்பு மேசை. ஆறரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பின்னிரவு. மனைவி திரும்பும்போது மாஸ்டர் தூங்குவார். மாஸ்டர் காலையில் கிளம்பும்போது மனைவி தூங்குவார். முன்பு கம்பெனி பக்கத்தில் இருந்த காலத்தில் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு மணி நேரம் இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று இருந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். இப்போது அது பிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளுக்கு வந்துவிட்டது. 'பால் இருக்கு.' 'குழாய் ஒழுகுது.' 'முதுகு வலி தேவலையா?' 'அனேகமா.'

பெரிய நாற்சந்தி ஒன்றில் ஆறு பத்துக்கு அவர் வருகிற பஸ்ஸும் மனைவி போகிற பஸ்ஸும் எதிரெதிரே கடக்கும். மனைவி தன் பச்சைக் கைப்பையை ஜன்னலில் தூக்கிக் காட்டுவார். சிவப்பு விளக்கு விழுந்திருந்தால் அரை நிமிஷம் முகம் பார்க்கலாம். இல்லையென்றால் பை மட்டும்தான். சிவப்பு விழ வேண்டுமே என்று ஐம்பத்தொரு வயது மனிதர் ஒருவர் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏங்குவது அவ்வளவு கௌரவமான காரியமில்லை. ஆனாலும் ஏங்கினார்.

மோட்டார் வண்டிப் பேச்சை எடுத்ததுமே மனைவி வெட்டிவிட்டார். "எங்க டேபிளுக்கு வர்றவங்கள்ல பத்துக்கு ஏழு பேரு அதுலதான் விழுந்து வர்றாங்க. நீங்களும் வந்து எங்கிட்டயே பேரு சொல்லணுமா?" அதற்குப் பிறகு கம்பெனி காவலாளியின் பழைய சைக்கிளை இரவல் வாங்கி ஒருநாள் ஓட்டிப் பார்த்தார். ஒரு மணி நாற்பது நிமிஷம். வாசலில் மூச்சிரைக்க இறங்கியபோது மணி ஆறு பத்து. கதவில் பூட்டு தொங்கியது. வழியில் மெல்லிய சக்கரமும் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாருமாக ஒரு ரோடு சைக்கிள் சத்தமே இல்லாமல் அவரைத் தாண்டிப் போயிருந்தது. பூட்டைத் திறக்கும்போதே மனசில் கணக்குப் போட்டுவிட்டார். அந்த மாதிரி வண்டி இருந்தால் ஒரு மணி ஐந்து நிமிஷம் போதும். ஐந்து முப்பத்தைந்துக்கு வீடு. மனைவியோடு இருபத்தைந்து நிமிஷம் கிடைக்கும்.

யாராவது கேட்டால் மட்டும், "பஸ்ஸுல கூட்டம் தாங்கலய்யா" என்றார்.

கடை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீளமான ஒற்றை அறை. கூரைக் கொக்கிகளில் முன்சக்கரம் மாட்டித் தொங்கும் சைக்கிள்கள். ரப்பரும் எண்ணெயும் கலந்த வாசனை. கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். எல்லா வேலையும் அவரே பார்ப்பார். மாஸ்டர் முதல் சனிக்கிழமை நுழைந்தவுடன் வணக்கம்கூடச் சொல்லாமல், "உங்களுக்கு வலது தோள் கால் இஞ்சு எறங்கியிருக்கும்மா" என்றார். "ஸ்பேனர் புடிக்கிற தோள் அப்படித்தான் இருக்கும், மாஸ்டர்" என்று அந்த அம்மாள் பதில் சொன்னதிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

அன்றைக்கே கடைக்காரம்மா ஒரு மஞ்சள் சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கி அவரை ஏற்றிவிட்டார். நடு சைஸ். மாஸ்டர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். இறங்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. முதுகு வளைந்த இடம், கை நீண்ட நீளம், கால் கீழே போய் நின்ற இடம், எல்லாம் அவருக்காகவே வெட்டித் தைத்த மாதிரி இருந்தது. "நல்லாத்தாம்மா இருக்கு" என்றவர் உடனே சுதாரித்துக்கொண்டார். "ஆனா ஒடம்பு பொய் சொல்லும். டேப்பு சொல்லாது."

"சரி, உங்க உள்கால் அளவு என்ன மாஸ்டர்?"

"இருபத்தெட்டரை."

கடைக்காரம்மா அவர் கால்களை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கும் ஒருதரம் அளந்து பாத்துடலாமா? செருப்பில்லாம சொவரோட ஒட்டி நின்னு, ஒரு புஸ்தகத்த காலிடுக்குல வச்சு..."

"எனக்கே அளவெடுக்கப் போறீங்களா?" மாஸ்டர் கோபப்படவில்லை, கோபத்தைவிட மோசமாக, பரிதாபப்பட்டுச் சிரித்தார். "இருபத்தெட்டு வருஷமா ஊருக்கே காலு அளக்கிறவன்மா நான்." பேச்சு அத்தோடு முடிந்தது. மஞ்சள் சைக்கிள் கொக்கிக்குப் போனது.

அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் கம்பெனி மதியத்தோடு முடிந்துவிடும். மூன்று மணிக்கெல்லாம் அவர் ஊருக்குள் இருப்பார். நேராகக் கடைக்குப் போவார். கியர் எத்தனை, சக்கரம் எத்தனை கனம், பிரேக் கம்பி உள்ளே ஓடுகிறதா வெளியே ஓடுகிறதா என்று விசாரிப்பார். ஒவ்வொரு சைக்கிளையும் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார். துணிக்கட்டு நிறுக்கும் கொக்கித் தராசை ஒருநாள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கனம் குறைந்தால் நேரம் குறையும் என்பது அவர் சித்தாந்தம். அந்தக் கணக்கில் போனையே வீட்டில் வைத்துவிட்டுப் போவது என்று முடிவுசெய்தார். அது இருநூறு கிராம்.

வீட்டில், பழுப்புக் காகிதத்தில் ஒரு முழு சைக்கிளை வெட்டிப் படுக்கையறைச் சுவரில் குண்டூசியால் குத்தி வைத்தார். எந்தச் சட்டையையும் முதலில் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தன் இருபத்தெட்டரையை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கினால் சீட் உயரம் வரும் என்று படித்திருந்தார். அதன்படி காகிதத்திலேயே சீட்டும் ஏறியது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "என்கூட கொஞ்ச நேரம் இருக்கத்தானே இந்த வண்டி? அத வாங்கப்போறேன்னு ஏழு சனிக்கிழமையும் என்கூட இல்லாம பண்ணிட்டீங்க" என்றார். பஸ் கூட்டம் என்கிற காரணத்தை அவர் ஒருநாளும் நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் மாஸ்டருக்குத் தெரிந்தது. காது மடல் சூடாகிவிட்டது. "அனேகமா அடுத்த வாரம் முடிஞ்சிரும்" என்றார்.

முடிந்தது. இருபத்தெட்டரைக்குப் பொருந்தும் சின்ன சைஸில், கருநீல நிறத்தில் ஒரு சைக்கிளை வரவழைத்தார்கள். கடைக்காரம்மா சீட்டைச் சரிசெய்ய ஸ்பேனரோடு வந்தபோது மாஸ்டர் கையை நீட்டித் தடுத்து, "கணக்கு என்கிட்ட இருக்கும்மா" என்று காகித அளவுப்படி தானே சீட்டை வைத்தார்.

முதல்நாள் ஒரு மணி இருபது நிமிஷம் ஆனது. ஐந்து ஐம்பதுக்கு வீட்டில் இருந்தார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே டீயை நீட்ட, இருவரும் நின்றபடியே பேசினார்கள். பத்து நிமிஷம்தான். ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகு வேலைநாளில் கிடைத்த பத்து நிமிஷம். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பழகினால் வேகம் வரும் என்று நினைத்தார். வேகத்துக்குப் பதில் முழங்கால் வலிதான் வந்தது. மூன்றாம்நாள் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கினார்.

"எங்க வலிக்குது?" என்றார் மனைவி.

"எங்கயும் இல்லயே."

"எங்கயும் இல்லாத வலிக்கு எதுக்கு நண்டு மாதிரி எறங்குறீங்க?"

கம்பெனியில் பாக்கெட் தைக்கிற அக்கா வாசலில் அவரைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், வண்டி உங்க பொண்ணோடதா?" என்று கேட்டார். அக்கா கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக் கேட்டார். அதுதான் மாஸ்டரைக் குத்தியது. மறுநாள் காலை சிக்னலில் நின்றபோது எதிரே ஒரு கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் தன்னையே பார்த்தார். முட்டி மார்பில் இடிக்க, முதுகு கூன, தம்பி சட்டையை மாட்டிக்கொண்ட அண்ணன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தான். வேறு யாராவது இப்படி ஒரு உடுப்பில் நின்றிருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே, "அளவு தப்பு" என்று சொல்லியிருப்பார்.

பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் நகரவில்லை. எங்கே தப்பு என்பது ஒரே நொடியில் புரிந்துவிட்டது. கால்சட்டையின் உள்கால் உடம்பில் ஆரம்பிப்பதில்லை; உடம்புக்குக் கீழே தாராளமாகத் தொங்கும் தையலில் ஆரம்பிக்கிறது. தரையில் முடிவதுமில்லை, ஷூவின் மேல் முடிந்துவிடுகிறது. மேலேயும் கீழேயும் சேர்த்து இரண்டரை இஞ்சு காணாமல் போகும். உள்கால் என்றதும் இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில் அவர் வாயில் வந்தது கால்சட்டை அளவு. தன் காலை அவர் அளக்கவே இல்லை.

நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கே கடைக்குப் போய் இதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. சுவரோடு நிற்கச் சொன்ன அம்மாளைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்தது. அதற்குப் பதிலாக வீட்டுக்கு வந்து, மனைவி வேலைக்குப் போன பிறகு, ஸ்பேனர் எடுத்துச் சீட்டுக் கம்பியை ஏற்றினார். ஒன்றரை இஞ்சு ஏற்றியதும் கம்பியில் பொறித்திருந்த கோடு வந்துவிட்டது. இதற்கு மேல் ஏற்றாதே என்பதற்கான கோடு. மாஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கம்பெனிக்காரனும் அரை இஞ்சு விட்டுத்தான் கோடு போடுவான் என்று அவருக்குத் தோன்றியது. அவரும் அப்படித்தானே போடுவார். கோட்டுக்கு மேல் அரை இஞ்சு ஏற்றி இறுக்கினார்.

மூன்று நாள் சொர்க்கம். ஒரு மணி எட்டு நிமிஷம். ஐந்து முப்பத்தெட்டுக்கு வீடு. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். மகள் போனில் சொன்னது, ஒழுகுகிற குழாய், ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த டாக்டரின் கையெழுத்து என்று ஊரில் யாருக்கும் உபயோகமில்லாத விஷயங்களைப் பேசித் தீர்த்தார்கள். பிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டுவது நின்றுபோனது. "நாளைக்கும் இதே நேரம்தானே?" என்று மனைவி கேட்டபோது மாஸ்டர் வழக்கம்போல் "அனேகமா" என்றார்.

நான்காவது நாள் வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. சீட்டுக் கம்பி பின்பக்கமாக மடங்கி, மாஸ்டர் சைக்கிளோடு சாலையோரம் சரிந்தார். அடி ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் சிராய்ப்பு மட்டும். நின்றுகொண்டே மிதித்துப் பார்த்தார். நூறு அடி போவதற்குள் முழங்கால் கைவிட்டது. போன் வீட்டில். பக்கத்தில் ஒரு கடைக்காரர் தன் போனை நீட்டினார். நானூறு பேரின் மார்பளவை மனப்பாடமாகச் சொல்லும் மனிதருக்கு மனைவியின் நம்பர் தெரியவில்லை. வெட்கத்தோடு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நடக்க நடக்க மணி ஐந்து முப்பத்தெட்டு ஆனது, ஐந்து ஐம்பது ஆனது, ஆறு ஆனது.

ஆறு ஐம்பத்தைந்துக்கு வீட்டுக்கு வந்தார். மேசையில் ஒரு கோப்பை டீ ஆடைகட்டியிருந்தது. மனைவி வேலை நேரத்தில் தன் போனைத் தொடமாட்டார்; ஆஸ்பத்திரி நம்பர் பிரிட்ஜ் கதவில் இருந்தது. போன் இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"விபத்துப் பிரிவு. யாருக்காகக் கேக்கிறீங்க? பேரு சொல்லுங்க."

மனைவியின் இந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. "நான்தான்" என்றார். "வீட்டுக்கு வந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி" என்ற ஒரு வார்த்தை. போன் வைக்கப்பட்டது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு மாஸ்டர் கிளம்பும்போது சமையலறையில் விளக்கு எரிந்தது. மூன்று மணி நேரம்கூடத் தூங்கியிருக்காத மனைவி அங்கே உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மாஸ்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஆறு பத்து வரைக்கும் வாசல்ல நின்னேன்" என்றார் மனைவி. "அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் சீட்டுல உக்காந்தேன். கதவு தொறக்கிறப்பல்லாம் மொதல்ல ஷூவத்தான் பாத்தேன். உங்க பிரவுன் ஷூ இல்லேன்னு தெரிஞ்சப்புறம்தான் பேரு கேட்டேன். நீங்க போன் பண்றதுக்குள்ள ரெண்டு பேரக் கொண்டுவந்தாங்க."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். காலில் அந்தப் பிரவுன் ஷூ இருந்தது. நடந்ததை முழுசாகச் சொன்னார்: இருபத்தெட்டரை, கண்ணாடிச் சுவர், கோடு, கோட்டுக்கு மேல் ஏற்றியது. எதையும் விட்டுவைக்கவில்லை. மனைவி எழுந்து அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "மூணு மணிக்கு நானும் கடைக்கு வர்றேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் சீட்டு மடங்கிய சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு, ஒரு பக்கம் மாஸ்டரும் ஒரு பக்கம் மனைவியுமாகத் தெருவில் நடந்து போனார்கள். பகல் வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து நடந்து எவ்வளவு நாளாயிற்று என்று மாஸ்டருக்குக் கணக்குத் தெரியவில்லை. வழியில் குழாய் ரிப்பேர்காரரைப் பற்றிப் பேசினார்கள்.

கடைக்காரம்மா மடங்கிய கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோட்டுக்கு மேல போயிருக்கே. எவ்வளவு ஏத்துனீங்க?"

"அரை இஞ்சு" என்றார் மாஸ்டர்.

மனைவி சிரித்துவிட்டார். சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பச்சைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"கம்பிதான் போச்சு. பிரேமுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் கடைக்காரம்மா. "இந்த சைஸ் கேட்டு ஒருத்தங்க அலைஞ்சிட்டிருக்காங்க, மாத்திக் குடுத்துடலாம். ஆனா அடுத்து எந்த சைஸுன்னு..." என்று இழுத்து, ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

மாஸ்டர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றதையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார்.

"நான் வளந்துட்டேன் போலம்மா" என்றார்.

எதுவும் மாட்டாத சுவர்ப் பகுதி ஒன்று கதவோரம் இருந்தது. அங்கே போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றார். கக்கத்தில் இருந்த கெட்டி அட்டை நோட்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் யார் கையிலும் கொடுத்திராத டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, கடைக்காரம்மாவிடம் நீட்டப் போனவர், கையைத் திருப்பி மனைவியிடம் நீட்டினார். மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"கீழ் நுனிய நகத்தால அழுத்திப் புடி" என்று மாஸ்டர் மெல்லச் சொல்லிக் கொடுத்தார். கடைக்காரம்மா அதற்குள் மஞ்சள் சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கத் தொடங்கியிருந்தார்.

மனைவி டேப்பை நோட்டு வரை இழுத்து, கண்ணை இடுக்கிப் படித்தார். "முப்பத்தொண்ணு." பிறகு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இதுலயும் அரை இஞ்சு விடணுமா?"

மாஸ்டர் குதிகாலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, நோட்டை இரண்டு கையாலும் பிடித்து, எலும்பில் போய் இடிக்கும்வரை மேலே இழுத்துப் பிடித்தார்.